பெயின்ற் கடைசி வேலை: பழைய மொறிஸ் மைனர் ஒண்டை வீட்டுக் கராஜில் திருத்துறது எப்படி?



போன எபிசோட்டில் பொருட்களைத் திருத்திப் பாவிக்கிற உரிமை பற்றிக் கதைச்சம். போன், லப்டொப், உடுப்புத் தோய்க்கிற மெசின் எண்டு போய்க்கொண்டிருந்த கதை, கடைசிப் பத்து நிமிசத்தில் என்ர கராஜுக்குள்ள நிக்கிற 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனரில் வந்து நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு வந்த மடல்களில் கனபேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணை, வீட்டிலயே பெயின்ற் அடிக்கலாமோ?"

அடிக்கலாம். ஆனால் முதல் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. மேல் பூச்சு எண்டது ஒரு மயிரளவு தடிப்புள்ள படை. அது கீழே இருக்கிற எதையும் மறைக்காது. மினுங்கத் தொடங்கின உடனே பள்ளம், கீறல், கறள் எல்லாத்தையும் எடுத்துக் காட்டும். கறளுக்கு மேல் பூசினால் காரும் அழியும், ஆளுக்கும் ஆபத்து. அதனால் இந்தக் கிழமை மடல், பெயின்றுக்கு முந்தின வேலையைப் பற்றியது. படை படையாக, கீழே இருந்து மேலே போவம். எந்த இடத்தில் நாங்கள் நிப்பாட்டி வேற ஆளிட்டைக் குடுக்க வேணும் எண்டதையும் கடைசியில் சொல்லுறன்.

ஏன் மொறிஸ் மைனர்?

மினியை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ்தான் மைனரையும் வடிவமைத்தவர். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமானது. 1970களின் தொடக்கம் வரைக்கும் 16 இலட்சத்துக்கு மேல் செய்து வித்தார்கள். எங்கட ஆக்களுக்கு இது புதுக் கார் இல்லை. இலங்கையில் வாடகைக் காராக, டொக்ரர்மாரின் காராக, கலியாணக் காராக ஓடின கார். 1990களில் இலங்கையில் ஒரு தொழிற்சாலை மைனருக்கான தகரப் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினது. இங்கை செய்து அங்கை போன காருக்கு, அங்கை இருந்து திரும்பி வந்த தகரம்.

பழகுறதுக்கு இது நல்ல கார். முன் மட்காட், பின் மட்காட், கதவு, பொனற் எல்லாம் போல்ற்றில் கழரும். ஆனால் மற்றப் பக்கம் ஒண்டு இருக்கு. இந்தக் காருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடம்பே சட்டகம். கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் பெட்டி போன்ற பகுதியை இங்கை சில் எண்டு சொல்லுவினம். அந்தச் சில்லும், முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்கே ஓடும் பெட்டியும், பின் வில்லுத்தகடுகள் மாட்டியிருக்கிற இடமும் சேர்ந்துதான் காரைத் தாங்குது. முன் சக்கரங்களைத் தாங்குகிற முறுக்குக் கம்பிகளின் பின் நுனி அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் பிடிச்சிருக்கு. அது உக்கினால் முன் சக்கரத்தின் பாரத்தைப் பிடிக்க ஒண்டும் இல்லை. ஆகவே மைனரில் "கறள்" எண்டது அழகுப் பிரச்சினை இல்லை.

முதல் நாள்: காந்தமும் திருப்புளியும்

ஒரு ஸ்பானரும் எடுக்காதேங்கோ. பிறிஜ்ஜில் ஒட்டுற சின்னக் காந்தம் ஒண்டை மெல்லிய துணியில் சுத்தி, கார் முழுக்க மெல்ல இழுத்துக்கொண்டு போங்கோ. நல்ல தகரத்தில் இறுகப் பிடிக்கும். தடிப்பாகப் பட்டி போட்ட இடத்தில் நழுவும், இல்லாட்டி விழும். பிறகு திருப்புளியின் கைப்பிடிப் பக்கத்தால் கீழ்ப் பகுதிகளைத் தட்டிப் பாருங்கோ. நல்ல தகரம் கணீரென்று கேட்கும். உக்கினது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தைத் திருப்புளி நுனியால் அழுத்திப் பாருங்கோ. உள்ளே போனால், எப்படியும் ஒரு நாள் போகத்தான் இருந்தது.

நான் கார் வாங்கேக்கை சில் ரெண்டும் கண்ணாடி போல இருந்தது. விற்ற மனிசன் "போன வருசம்தான் செய்தது" எண்டார். வீட்டை வந்து காந்தத்தை வைச்சன். இடப்பக்கச் சில்லில் ஒரு முழ நீளத்துக்கு எங்கையும் பிடிக்கேல்லை. சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய பேப்பர் உருண்டை, அதுக்கு மேல் கோழிக்கூட்டு வலை, அதுக்கு மேல் பட்டி, அதுக்கு மேல் வடிவான பெயின்ற். அந்த இருக்கைக்குப் பக்கத்தில் என்ர மகளை இருத்தி ரெண்டு தரம் கடைக்குப் போட்டு வந்திருக்கிறன்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், பிரித்தானியாவில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டின, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு வருடாந்த எம்.ஓ.டி. சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் கார் வீதியில் ஓடத் தகுதியாக இருக்க வேணும் எண்ட சட்டம் அப்படியே இருக்கு. சோதனை இல்லாததால் பொறுப்புக் குறையேல்லை. ஒரு கார்க்காரன் பார்க்க வேண்டியதை இப்ப நீங்கள் பார்க்க வேணும். விரும்பினால் காசு கட்டி அந்தச் சோதனையை நாங்களாகவே செய்விக்கலாம். நான் வருசா வருசம் செய்விக்கிறனான். அந்தச் சோதனையின் விதிகள் எங்களுக்கு நல்ல வழிகாட்டியும்கூட. சஸ்பென்சன், சீற்பெல்ற் போன்றவை மாட்டியிருக்கிற இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகரம் பலமாக இருக்க வேணும். அங்கை பட்டியால் அடைச்சது திருத்தமாக எண்ணப்படாது.

பார்த்ததெல்லாத்தையும் போட்டோ எடுத்து, கார்ப் படம் ஒண்டில் குறிச்சு வையுங்கோ. கழட்டுற போல்ற்றுகளைச் சின்னப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கோ. ஆறு மாதம் கழிச்சு உங்கட ஞாபகம் உங்களைக் கைவிடும்.

தூசு: முதலில் வீட்டுக்காரரைக் காப்பாத்துங்கோ

1960களின் கார் பெயின்றில் ஈயம் இருக்கலாம். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் தகரம் பொருந்துற இடங்களை உருக்கின ஈயக் கலவையால் நிரப்பி மட்டமாக்கினவை. ஆகவே பழைய பூச்சைக் காய்ஞ்சபடி மெசினால் தேய்ச்சால் ஈயத் தூசு கராஜ் முழுக்கப் பரவும். சப்பாத்தில் ஒட்டி வீட்டுக்குள்ள வரும். பிள்ளையளின்ர மூளை வளர்ச்சிக்கு ஈயம் கெடுதல். இவ்வளவு எண்டால் பரவாயில்லை எண்டு சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை எண்டுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய படைகளைத் தண்ணி போட்டுத் தேயுங்கோ, இல்லாட்டி பெயின்ற் கழட்டுற ஜெல் பூசிச் சுரண்டி எடுங்கோ. வாற சேத்தைக் காய முதல் பேப்பர் துவாயால் துடைச்சுப் பையில் கட்டுங்கோ. ஈயம் நிரப்பின பொருத்துகளை கிரைண்டரால் தொடாதேங்கோ. முகத்துக்கு நல்லாப் பொருந்துற எப்.எப்.பி.3 தரத்து மாஸ்க் போடுங்கோ. தாடி இருந்தால் அது பொருந்தாது. கராஜுக்கெண்டு தனி உடுப்பு, தனிச் சப்பாத்து. அந்த உடுப்பைப் பிள்ளையளின்ர உடுப்போடை சேர்த்துத் தோய்க்க வேண்டாம். வேலை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்க முதல் கை முகம் கழுவுங்கோ.

கறள்: வெட்டுங்கோ, மூடாதேங்கோ

இரும்பு கறளாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு கூடும். ரெண்டு தகரம் சேருற இடுக்குக்குள் கறள் வந்தால், அது வீங்கித் தகரத்தையே பிளக்கும். பெயின்றில் கொப்புளம் வாறதும் இதால்தான். கொப்புளத்தைத் தேய்ச்சு மேலே பூசினால், அது ஒரு குளிர்காலம் தாங்கும். மென்பொருள் வேலை செய்யிற ஆக்களுக்கு இது விளங்கும்: பிழை எங்கை இருந்து வருது எண்டு பார்க்காமல் பிழைச் செய்தியை மட்டும் ஒளிச்சு வைக்கிற மாதிரி.

மேலோட்டமான கறள் எண்டால், தேய்க்கிற வட்டத்தகடு ஒண்டைக் கிரைண்டரில் போட்டு வெளிச்சமான தகரம் தெரியும் மட்டும் எடுக்கலாம். அங்கங்கே குழிக்குள் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். அதுக்குத்தான் பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் மருந்து. அது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாத்தும். போத்தலில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவித் துடைச்சு உடனே காய வையுங்கோ. அமிலம் மிஞ்சினால் மேலே போடுற படை பிடிக்காது.

ஓட்டை இருந்தால் மருந்து வேலை செய்யாது. ஓட்டையைச் சுத்தி, தடிப்புக் குறையாத நல்ல தகரம் வரும் மட்டும் வெட்டி எடுக்க வேணும். பிறகு அதே தடிப்பில், ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தகரத்தில் துண்டு வெட்டி வெல்டிங் செய்ய வேணும். மைனருக்கான திருத்தத் துண்டுகள் இப்பவும் புதுசாகக் கிடைக்குது. சில், குறுக்குப் பெட்டியின் நுனி, மட்காட்டின் அடிப்பகுதி எல்லாம் வாங்கலாம்.

மூண்டு விசயம் மறக்க வேண்டாம். ஒண்டு, சில்லை வெட்ட முதல் காரைச் சரியாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒண்டால் பிடிப்புக் குடுங்கோ. சில் இல்லாத மைனர் நடுவில் தொய்யும். தொய்ஞ்சபடி புதுச் சில்லை ஒட்டினால் கதவு ஒரு நாளும் ஒழுங்காகப் பூட்டாது. கதவைப் பூட்டி இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்ட வேணும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

ரெண்டு, மெல்லிய தகரத்தை நீளமாக ஒரே இழுவையில் ஒட்டினால் சூட்டில் நெளியும். ஒரு பொட்டு இங்கை, அடுத்தது தள்ளி, பிறகு நடுவில் எண்டு வைச்சு, ஆற விட்டு ஆற விட்டு இடைவெளிகளை நிரப்புங்கோ. பாரம் தாங்குற இடத்தில் கடைசியில் அந்தப் பொட்டுகள் எல்லாம் சேர்ந்து தொடர்ச்சியான கோடாக வர வேணும்.

மூண்டு, நெருப்பு. பற்றறியைக் கழட்டுங்கோ. பெற்றோல் தாங்கியையும் குழாயையும் அகற்றுங்கோ. மறுபக்கத்தில் கம்பளம், பழைய தார்ப் பூச்சு இருக்கோ எண்டு பாருங்கோ. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வேணும். வேலை முடிஞ்சு ஒரு மணித்தியாலம் கராஜை விட்டுப் போகாதேங்கோ. உள்ளுக்குள் புகைஞ்சுகொண்டிருக்கிற பொறி அப்பதான் எரியத் தொடங்கும்.

வெல்டிங் தெரியாதோ? வெட்கப்பட ஒண்டும் இல்லை. மாலை நேரக் கல்லூரிகளில் பழகலாம். பழகும் மட்டும் மட்காட்டில் கை வையுங்கோ, சில்லைத் தெரிஞ்ச ஆளிட்டைக் குடுங்கோ. நான் அப்படித்தான் செய்தனான். ஒட்டினவர் போன பிறகு மிச்சம் முழுக்க என்ர வேலை.

நெளிவு எடுக்கிறது: கண்ணை விட உள்ளங்கை நல்லது

ஊரில் இந்த வேலைக்கு ரிங்கரிங் எண்டு பேர். கையில் ரெண்டு சாமான்: முகம் மினுங்கத் தீட்டின சுத்தியல், மறுபக்கம் பிடிக்கிற இரும்புக் கட்டை. பலர் செய்யிற பிழை, பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிக்கிறது. அடிபட்ட இடத்தில் பள்ளம் மட்டும் இல்லை, அதைச் சுத்தி ஒரு மேடும் இருக்கும். அந்த மேடுதான் பள்ளத்தைப் பூட்டி வைச்சிருக்கு. ஆகவே நெளிவு எந்த ஒழுங்கில் வந்ததோ, அதுக்கு எதிர் ஒழுங்கில் எடுக்க வேணும். உள்ளே இருந்து கட்டையால் பள்ளத்தை மேலே தள்ளிப் பிடிச்சுக்கொண்டு, வெளியே சுத்தியலால் மேட்டை மெல்லத் தட்டுங்கோ. கட்டைக்கு நேர் மேலே அடிச்சால் தகரம் மெலிஞ்சு விரியும். விரிஞ்ச தகரம் டப்பென்று உள்ளே வெளியே போய் வரும். அதைத் திருப்பிச் சுருக்கிறது பெரிய பாடு. ஆகவே கட்டைக்குப் பக்கத்தில் அடிக்கிறதுதான் முதல் பாடம்.

எங்கை மேடு, எங்கை பள்ளம் எண்டு கண்ணால் பார்த்துப் பிடிக்கேலாது. மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, விரலை நீட்டி, முழு உள்ளங்கையையும் தட்டையாக வைச்சு நீளத்துக்குத் தடவுங்கோ. கண்ணை மூடினால் இன்னும் நல்லாத் தெரியும். 1 மில்லிமீற்றருக்குள் கொண்டுவந்தால் மிச்சத்தைப் பட்டி பார்க்கும்.

பட்டி: மருந்து, சாப்பாடு இல்லை

கறளை மறைக்கப் பாவிச்ச ஆக்களால் பட்டிக்குக் கெட்ட பேர். உண்மையில் அது நல்ல பொருள். பொலியெஸ்ரர் பசைக்குள் டல்க் தூள் கலந்தது. இறுக வைக்கிற பசையை ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு சேர்க்க வேணும். கூடினால் பிறகு மேல் பூச்சில் கறை ஊறி வரலாம், குறைஞ்சால் மெத்தெண்டு இருக்கும். நிறம் ஒரே மாதிரி வரும் மட்டும் பலகையில் தேய்ச்சுக் கலவுங்கோ. முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சால் காத்துப் புகுந்து ஊசித் துளைகள் வரும். கலந்த பிறகு உங்களுக்கு ஒரு சில நிமிசம்தான் இருக்கு. ஆகவே கோழிமுட்டை அளவுக்கு மேல் கலக்காதேங்கோ.

கீழே தகரத்தை 80 நம்பர் சாண்ட் பேப்பரால் கீறிவிட்டு, துடைச்சுப் போட்டுத்தான் பட்டி. தேய்ச்சு முடிஞ்ச பிறகு எங்கையும் 3 மில்லிமீற்றருக்கு மேல் நிக்கக்கூடாது. நிண்டால் திரும்பச் சுத்தியலுக்குப் போங்கோ. அமிலம் கலந்த எட்ச் பிறைமருக்கு மேல் பட்டி போட வேண்டாம். அந்த அமிலம் பட்டி இறுகுறதைக் குழப்பும். எபொக்சி பிறைமருக்கு மேல் போடலாம். நானும் அப்படித்தான்: தகரம் வெளிச்சமான அண்டைக்கே எபொக்சி, அது இறுகின பிறகு மெல்லக் கீறிவிட்டுப் பட்டி. தகரம் ஒரு நாளும் ஈரக் காத்துப் படாமல் இருக்கும்.

முக்கியமானது: வெறும் பட்டியைத் தண்ணி போட்டுத் தேய்க்கக்கூடாது. டல்க் தண்ணியை உறிஞ்சி வைச்சிருக்கும். அது பிறகு பெயின்றுக்குக் கீழே கொப்புளமாக வரும். மேலே பழைய பெயின்றைத் தண்ணி போட்டுத் தேய்க்கச் சொன்னன், இங்கை வேண்டாம் எண்டுறன். குழம்பாதேங்கோ. ஈயம் இருக்கிற பழைய படைக்கு ஈரம். பட்டிக்குக் காய்ஞ்ச தேய்ப்பும் மாஸ்க்கும்.

தேய்க்கிறதுக்கு நீளமான கட்டை வேணும். விரலால் பேப்பரைப் பிடிச்சுத் தேய்ச்சால் விரலின் அடையாளமே அலையாக விழும். மூலைக்கு மூலை குறுக்காக, பிறகு மற்றக் குறுக்காக. 80, 120, 180 எண்டு மெல்ல ஏறுங்கோ. ஒரு நம்பரைத் தாண்டிக் குதிச்சால், முந்தின நம்பரின் கீறல் பெயின்ற் அடிச்சு ஒரு மாதம் கழிச்சுத் தலை காட்டும்.

மைனரின் பொனற்றில் ஒரு கவனம். வடிவமைக்கிற காலத்தில் கார் ஒடுக்கமாக இருக்கு எண்டு இசிகோனிஸ் மாதிரிக் காரை நீளத்துக்கு வெட்டி, ரெண்டு பாதியையும் 4 அங்குலம் தள்ளி வைச்சுப் பார்த்தவர். பொனற் நடுவில் நீளத்துக்கு ஓடுற பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். அந்தப் பட்டையின் ரெண்டு விளிம்பும்தான் தேய்க்கேக்கை முதல் வெறுமையாகும். விளிம்புகளில் ரேப் ஒட்டிவிட்டுத் தேய்ச்சால் தப்பும்.

பிறைமர்: நான் விட்ட பிழை

எபொக்சி, பட்டி முடிஞ்ச பிறகு, தடிப்பாக நிக்கிற பிறைமர் ஒண்டு அடிப்பம். சின்னக் கீறல்களை அது நிரப்பும். அது காய்ஞ்ச பிறகு மேலே கறுப்புத் தூளை மெல்லப் பூசி, 320, பிறகு 400 நம்பரால் கட்டை வைச்சுத் தேய்க்க வேணும். மேடு முதலில் வெளுக்கும். கறுப்பு மிஞ்சி நிக்கிற இடம் பள்ளம். கறுப்பு முழுக்கப் போகும் மட்டும் வேலை முடியேல்லை. உங்கட தகரம் எப்படி இருக்கு எண்டு இந்தத் தூள் பொய் சொல்லாமல் சொல்லும்.

முதல் தரம் நான் இதெல்லாத்தையும் ஒழுங்காகச் செய்தனான். ஒக்ரோபரில் கார் முழுக்க சாம்பல் நிறத்தில் வடிவாக நிண்டது. கராஜில் இடம் வேணும் எண்டு காரை வெளியே விட்டு மூடுதுணி போட்டு, "வெயில் வந்தாப் பிறகு பெயின்ற்" எண்டு இருந்திட்டன். அந்தப் பக்கத்து மட்காட் ரெண்டுக்கும் எபொக்சி போடாமல் நேரே தகரத்தில் தடிப்புப் பிறைமர் அடிச்சிருந்தன். மார்ச்சில் துணியை எடுத்தால் ரெண்டு மட்காட்டிலும் மண்ணிறப் பொட்டுகள். தேய்ச்சுப் பார்த்தால் கீழே தகரம் முழுக்கக் கறள் படர்ந்திருந்தது. மூண்டு மாத வேலை திரும்ப முதலில் இருந்து.

காரணம் சின்னது. தடிப்புப் பிறைமர் தேய்க்க இலகுவாக இருக்க வேணும் எண்டு செய்தது. அதுக்குள் நுண்ணிய துளைகள் இருக்கு. பெயின்றைப் போல அது தண்ணியை நிப்பாட்டாது. எபொக்சி போட்ட கதவுகளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஆகவே இரண்டு விதி. வெறும் தகரத்தில் முதல் படை எபொக்சி. தடிப்புப் பிறைமர் அடிச்ச கார் மழையையும் பனியையும் காணக்கூடாது. மேல் பூச்சுக்கு நாள் குறிக்க முதல் அந்தப் பிறைமரை அடிக்காதேங்கோ.

இங்கத்தைக் காலநிலை பற்றியும் ஒரு சொல். இரவில் தகரம் குளிர்ந்து, காலையில் ஈரக் காத்துப் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் வேர்க்கும். அதுக்கு மேல் அடிச்ச பிறைமர் பிடிக்காது. தகரமும் காத்தும் ஒரே சூட்டுக்கு வந்து, 15 பாகைக்கு மேல் நிண்ட பிறகு அடியுங்கோ. கராஜைச் சூடாக்க மண்ணெண்ணெய், காஸ் ஹீற்றர் பாவிக்க வேண்டாம். அவை எரியும்போது நீராவியும் வரும். மின்சார ஹீற்றரால் முதலில் சூடாக்கி, அடிக்கத் தொடங்க முதல் அதையும் நிப்பாட்டுங்கோ. தின்னர் ஆவி நெருப்புப் பிடிக்கும். வீட்டுக் கொதிகலன் கராஜுக்குள்ள இருந்தால் அந்தக் கராஜில் ஸ்பிறே வேலை வேண்டாம்.

எண்ணெய்ப் பசையும் ஒரு எதிரி. துடைக்கிற திரவத்தால் ஒரு துணி நனைச்சுத் துடைச்சு, அது காய முதல் இன்னொரு காய்ஞ்ச துணியால் எடுங்கோ. ஒரே துணியால் துடைச்சால் அழுக்கை இடம் மாத்துறீங்கள், அவ்வளவுதான். சிலிக்கன் கலந்த பொலிஷ், ஸ்பிறே எதையும் கராஜுக்குள் கொண்டு வராதேங்கோ. ஒரு துளி பட்டாலும் பெயின்ற் அந்த இடத்தில் மீன்கண் மாதிரி விலகி நிக்கும்.

எங்கை நிப்பாட்ட வேணும்?

இப்ப முதல் கேள்விக்கு வருவம். இண்டைக்குக் கார்களுக்கு அடிக்கிற பெயின்ற் பெரும்பாலும் ரெண்டு பொருள் கலந்து இறுகுற வகை. இங்கை 2கே எண்டு சொல்லுவினம். அதை இறுக வைக்கிற திரவத்தில் ஐசோசயனேற் எண்ட இரசாயனம் இருக்கு. அதை மூச்சில் எடுத்தால் ஆஸ்த்மா வரலாம். ஒரு தரம் உடம்பு அதுக்கு எதிராகத் திரும்பினால், பிறகு மிகச் சின்ன அளவே காணும். பிரித்தானியாவில் வேலையால் ஆஸ்த்மா வாறவர்களில் கார் ஸ்பிறே பண்ணுற ஆக்கள் முன்னணியில் இருக்கினம். ஆபத்தான அளவு காத்தில் இருக்கும்போதும் அது மணக்காது. ஆகவே வழக்கமான கரி வடி மாஸ்க் எப்ப வேலை செய்யாமல் விட்டது எண்டு உங்களுக்குத் தெரியவே வராது. வெளியிலிருந்து சுத்தக் காத்துக் குழாயால் வாற மாஸ்க் வேணும், காத்தை இழுத்து வடிக்கிற தனி அறை வேணும். அடிச்சு முடிஞ்ச பிறகும் அந்தப் புகார் கொஞ்ச நேரம் காத்தில் நிக்கும். வீட்டோடை ஒட்டின கராஜ், மேலே பிள்ளையளின்ர படுக்கையறை எண்டால் பதில் ஒண்டுதான்: வேண்டாம். தடிப்புப் பிறைமரிலும் 2கே வகை இருக்கு, அதுக்கும் இதே பதில். எபொக்சி வாங்கேக்கையும் அதன் தரவுத்தாளை வாசிச்சு, ஐசோசயனேற் இல்லாததாகப் பார்த்து எடுங்கோ. உங்கட மென்பொருளின் ரீட்மீ பைலை வாசிக்காமல் விட்டாலும், இதை வாசிக்காமல் விடாதேங்கோ.

வீட்டில் அடிக்கத்தான் வேணும் எண்டால் பழைய செலுலோஸ் வகை இருக்கு. பழைய கார்களைத் திருத்துறதுக்கெண்டு இப்பவும் விற்கினம். அதில் ஐசோசயனேற் இல்லை. ஆனால் தின்னர் ஆவி கடுமையானது. சரியான வடி மாஸ்க்கும் காத்தோட்டமும் கட்டாயம். ஈரமான நாளில் அடிச்சால் வெள்ளையாகப் பூத்துப் போகும். வேற வகைப் பழைய பெயின்றுக்கு மேல் அடிச்சால் சுருங்கும். மறைவான இடத்தில் தின்னர் நனைச்ச துணியைக் கொஞ்ச நேரம் வைச்சுப் பாருங்கோ. நிறம் கரைஞ்சு வந்தால் பழையது செலுலோஸ், சுருங்கினால் அதுக்கு மேல் அடிக்கேலாது.

நான் எடுத்த முடிவு: கறள் எடுக்கிறதும், தட்டுறதும், பட்டியும், எபொக்சியும் என்ர வேலை. தடிப்புப் பிறைமரும் மேல் பூச்சும் ஸ்பிறே அறை வைச்சிருக்கிற ஆளின்ர வேலை. ஆனால் வேலை தொடங்க முதலே அவரிட்டைப் போய்க் கதையுங்கோ. வேற ஆள் செய்த அடிவேலைக்கு மேல் அடிக்கப் பலருக்கு விருப்பம் இல்லை. பிறகு உரிஞ்சால் ஆரின்ர பிழை எண்டு தெரியாது. அவர் பாவிக்கிற அதே கம்பனியின்ர எபொக்சியையும் பட்டியையும் நீங்களும் பாவிச்சால், ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக் காட்டினால், பெரும்பாலும் சம்மதிப்பினம்.

கார் திரும்பி வந்த அண்டைக்கே இன்னும் ஒரு வேலை இருக்கு. சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு ஸ்பிறே அடிச்சு, தண்ணி வடியிற ஓட்டைகள் திறந்திருக்கோ எண்டு பாருங்கோ. கறள் எப்பவும் உள்ளே இருந்துதான் தொடங்கும்.

இந்தச் சனிக்கிழமைக்கு

கராஜில் பழைய கார் வைச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு வீட்டுவேலை. பெயின்ற் நிற அட்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. பிறிஜ்ஜில் இருந்து காந்தத்தைக் கழட்டி, துணியில் சுத்தி, ரெண்டு சில்லையும் ஒருக்கால் தடவிப் பாருங்கோ. பிள்ளையள் இருந்தால் அவையளிட்டையே குடுங்கோ. காந்தம் விழுற இடத்தைக் கண்டுபிடிக்க அவைக்கு நல்ல விருப்பம். என்ர மகள்தான் வலப்பக்கச் சில்லின் நுனியில் நான் தவறவிட்ட இடத்தைப் பிடிச்சவ. அந்த இடத்தில் இப்ப நல்ல தகரம் இருக்கு, அந்த இருக்கையில் இப்ப அவ இருக்கிறா.

காந்தம் எங்கை விழுந்தது எண்டு இந்த மடலுக்கே பதில் போடுங்கோ, போட்டோவும் அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில் உங்கட கேள்விகளை எடுத்துக் கதைப்பம்.

அதுமட்டும், மாஸ்க்கைப் போடுங்கோ. சந்திப்பம்.